மஞ்சள் நிறத்தில் வரைந்த சுவர்

1

எங்கள் ஊர் கருங்கல் பக்கம். அங்கே எங்கள் தேவாலயச் சபையில் நான் ஓட்டலில் வேலை பார்ப்பதாக ஒரு பேச்சு உண்டு. நான் பிரான்சில் உள்ள திஜோனுக்கு வந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம் ஆகிறது. அந்தப் பேச்சுக்கும் ஏறக்குறைய அதே வயது. காரணம் நான்தான். வேலை கிடைத்த புதிதில், "அம்மா, பழைய ஓத்தெல்களைச் செப்பனிடுற ஆபீஸ்ல சேந்திருக்கேன்" என்று சொன்னேன். அம்மா அதை அப்படியே பெண்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள். ஒரு அக்கா உடனே, "அஞ்சு வருசம் கட்டடத்துக்குப் படிச்ச பிள்ள என்னத்துக்கு ஓட்டல் சோலிக்குப் போச்சு?" என்று கேட்டாராம்.

பிரான்சில் தங்கும் விடுதிக்கு ஓத்தெல் என்று பெயர். நகரத்துக்குள் ஒரு பிரபுக் குடும்பம் தனக்கென்று கட்டிக்கொண்ட பெரிய வீட்டுக்கும் அதே பெயர்தான். என் வேலை இந்த இரண்டாவது வகையில். வீட்டை அளக்க வேண்டும். எந்தச் சுவர் எந்தக் காலத்தில் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எது நிற்கும், எது போகும் என்று வரைபடத்தில் நிறம் கொடுக்க வேண்டும். இங்கே அதற்கு ஒரு விதி இருக்கிறது. இருப்பதற்குக் கறுப்பு, புதிதாக வருவதற்குச் சிவப்பு, இடிக்க வேண்டியதற்கு மஞ்சள். வரைபடத்தில் மஞ்சளைப் பார்த்ததும் இவர்களுக்குச் சம்மட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

இந்த வசந்த காலத்தில் ஒரு சுவருக்கு நான் மஞ்சள் கொடுத்தேன். அந்த மஞ்சள் எப்படிக் கருங்கல் வரை வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஓட்டல் விஷயமும் இதோடு தீர்ந்தால் அம்மாவுக்குச் சந்தோஷம்.

2

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும்.

தெருவில் நின்று பார்த்தால் வீடு தெரியாது. உயரமான மதிலும், குதிரை வண்டி நுழையும் அளவுக்கு ஒரு மரக்கதவும்தான் தெரியும். கதவின் இரு பக்கமும் தரையில் பதித்த உருண்டைக் கற்கள் இருக்கின்றன. வண்டிச் சக்கரம் சுவரை உரசாமல் இருக்க வைத்தவை. எங்கள் ஊரில் கையில் நாலு காசு வந்தவன் முதலில் முகப்பைத்தான் தெருவுக்குக் காட்டுவான். எது கல்ஃப் வீடு என்று பஸ்ஸில் இருந்தபடியே சொல்லிவிடலாம். இவர்கள் தலைகீழ். கதவைத் திறந்து, கல் பாவிய முற்றத்தைத் தாண்டினால்தான் முகப்பு. அதற்கும் பின்னால் தோட்டம். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வெளிச்சம் வாங்கிக்கொண்டு நிற்கிறது வீடு.

முதல் நாள் எங்கள் தலைமைக் கட்டடக்கலைஞர் பெர்னார் என்னை முற்றத்தில் நிறுத்தி, "இந்த வீட்டுக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

முகப்பைப் பார்த்து, "பதினேழாம் நூற்றாண்டு" என்றேன்.

"முகப்புக்கு அந்த வயது. வீட்டைத்தான் கேட்டேன்."

அவர் அப்படித்தான். பதில் சொல்லாமல் போய்விடுவார். பதிலைத் தேட எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

முற்றத்தின் மூலையில் ஒரு சிறிய கோபுரம் நிற்கிறது. உள்ளே சுருள் படிக்கட்டு. அந்தக் கோபுரம்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. யாரோ ஒரு வியாபாரி, முகப்பு வருவதற்கு நூறு நூற்றைம்பது வருடம் முன்னால் கட்டியது. படிகள் நடுவில் தேயவில்லை, சுவரை ஒட்டித் தேய்ந்திருக்கின்றன. ஏறியவர்கள் எல்லோரும் அகலமான பக்கத்தையே மிதித்திருக்கிறார்கள். நான் முதல்முறை ஏறியபோது என் காலும் தானாக அந்தக் குழியில்தான் போய் விழுந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். என் பெயர் தெரியாத கால்கள் எனக்குப் படி செதுக்கி வைத்திருக்கின்றன.

பிறகு ஒரு நீதிபதி வந்தார். பட்டம் புதிதாகக் கிடைத்த பிரபு. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வீடுகளை வாங்கி, இரண்டுக்கும் சேர்த்து முன்னால் ஒரே முகப்பை நிறுத்தினார். வெளியே ஜன்னல்கள் எல்லாம் ஒரே வரிசை. உள்ளே இடது பக்கத் தரைக்கும் வலது பக்கத் தரைக்கும் இரண்டு படி வித்தியாசம். ஒரு ஜன்னலுக்குப் பின்னால் அறையே இல்லை, பழைய வீட்டின் சுவர்தான். கண்ணாடி, சட்டம், கதவு எல்லாம் வைத்த பொய் ஜன்னல். அளவு நாடாவோடு உள்ளிருந்து அதைத் தேடி, கிடைக்காமல், வெளியே ஓடிப்போய் எண்ணி, மறுபடி உள்ளே வந்து தேடினேன். கிடைக்காதது ஏன் என்று புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

முதல் மாடியில் நீதிபதி ஒரு பெரிய கூடம் அமைத்தார். முற்றத்துச் சுவரிலிருந்து தோட்டத்துச் சுவர் வரை குறுக்கே ஓக் உத்திரங்கள். அவற்றில் ஓவியம் வரையச் சொன்னார். அவருடைய பேரனுக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைதான் நாகரிகம். உத்திரங்களுக்குக் கீழே சுண்ணாம்புக் காரையால் தட்டையான மேற்பூச்சு ஒன்றை அடித்து ஓவியத்தை மூடிவிட்டான். சுவர்களுக்குச் செதுக்கிய மரப்பலகை வைத்தான். வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் நடமாட, பலகைக்குப் பின்னால் ஒடுங்கிய வழி ஒன்று விட்டான். அதில் நானே பக்கவாட்டில்தான் போக முடிந்தது.

புரட்சி வந்தபோது வாசலுக்கு மேலிருந்த குலச்சின்னத்தை உளியால் கொத்தி எடுத்தார்கள். அந்த இடத்தில் இப்போது முகம் இழந்த கேடயம் ஒன்று மட்டும் இருக்கிறது. அதன் பிறகு வாரிசுகள், வாடகைக்காரர்கள், அலுவலகங்கள். கடைசியாகக் குழல்விளக்கும் அட்டைக் கூரையும் வந்தன. இப்போது வீடு நகராட்சிக்குச் சொந்தம். மாடிக் கூடத்தைப் பழைய அகலத்துக்கே திறந்து, இசை நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

அதற்கு ஒரே தடை ஒரு சுவர்.

3

கூடத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது அந்தச் சுவர். ஒரு பாதிக்கு முற்றத்து ஜன்னல்கள், மறு பாதிக்குத் தோட்டத்து ஜன்னல்கள். செங்கல், ஒற்றைக்கல் கனம். குளிர்காயும் கணப்பின் சலவைக்கல் முகப்பை ஈவு இரக்கமில்லாமல் நடுவில் அறுத்துக்கொண்டு போகிறது.

"இது என்ன?" என்றார் பெர்னார். சக ஊழியர்களில் ஒருத்தி புகைபோக்கிக்கான சுவர் என்றாள். இன்னொருவன் தீ பரவாமல் தடுக்க வைத்தது என்றான்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கீழே இரண்டு சமையலறை இருப்பதை ஏற்கெனவே அளந்திருந்தேன். முற்றத்துக் கிணற்றின் வாய்க்கு மேலே ஒரு சுவர் குறுக்கே போனதற்கான தடம் இருந்தது. கைப்பிடிக் கல்லில் இரு பக்கமும் கயிறு அறுத்த பள்ளம்.

"இது சண்டைச் சுவர்" என்றேன். பிரெஞ்சில் அப்படி ஒரு சொல் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணன் தம்பி பாகம் பிரித்திருக்கிறார்கள். ஒருவனுக்கு முற்றம், ஒருவனுக்குத் தோட்டம். கிணற்றில் மட்டும் ஆளுக்குப் பாதி."

"எப்படித் தெரியும்?"

"எங்கள் வீட்டில் இருக்கிறது."

உண்மைதான். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் வைத்தபோது வீட்டின் நடு அறையில் ஒரு செங்கல் சுவர் எழும்பியது. கிணற்றுக்கு நடுவிலும் சுவர் போயிற்று. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. வழித்தடத் தகராறில் தொடங்கிய சண்டை அது. சுவர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் சித்தப்பா. ஆனால் சுவருக்கு நேர் மேலே அறைக்குக் குறுக்காகப் போகும் அயினி மர உத்திரம் இருவருக்கும் பொது என்று பாகத்தில் முடிவாயிற்று. பொதுவானதை எவன் சுவரும் தொடக்கூடாது. அதனால் கொத்தனார் சுவரை உத்திரத்துக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் பாகம் பிரித்த பல வீடுகளில் இந்த ஒரு விரல் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி வழியாகச் சித்தப்பா வீட்டு மீன்குழம்பின் மணம் வரும், ரேடியோ வரும், இரவு ஜெபம் வரும். அவர்கள் ஒரு பாட்டைத் தொடங்கினால் அப்பா வேண்டுமென்றே வேறு பாட்டைத் தொடங்குவார்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பெர்னாரிடம் உறுதியாகச் சொன்னேன்: "இந்த மாதிரிச் சுவர் மேலே எதையும் தாங்காது. மேலே தொடாமல்தான் கட்டுவார்கள்."

"பார்த்தாயா?"

"மேற்பூச்சு மறைக்கிறது. பூச்சை எடுத்ததும் பார்க்கலாம்."

"சரி. அதுவரை மஞ்சள் போடு."

போட்டேன். அலுவலகத்தில் அதற்குச் சண்டைச் சுவர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வரைபடத்திலேயே பெர்னார் அப்படி எழுதிவிட்டார்.

4

அடுத்த வாரம் அம்மா அழைத்தாள். குரலிலேயே விசேஷம் தெரிந்தது.

"மக்கா, ஒனக்க சித்தப்பா நேத்து வீட்டுக்கு வந்தாரு, கேட்டியா?"

"எந்த வழியா?"

"முன்வாசக் கேட்டு வழியாத்தான். பொறவு செவரு வழியாவா வருவாரு?"

"என்ன சொன்னாரு?"

"ஜெபினுக்க கல்யாணத்துக்கு ரெண்டு பாகத்திலயும் சேத்துப் பந்தி போடணுமாம். நடுவுல இந்தச் செவரு என்னத்துக்கு, இடிச்சிரலாம்னு அவரே சொல்லுகாரு. வாற சனிக்கெழம ஆளு வரும்."

ஜெபின் என் தம்பி. கல்ஃபில், தம்மாமில் வேலை. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"அப்பா என்ன சொன்னாரு?"

"எழும்பி உள்ள போயி முகத்தக் கழுவிட்டு வந்தாரு. பொறவு ரெண்டு பேரும் சாயா குடிச்சாவ."

என் அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். நிறைந்த பஸ்ஸில் அத்தனை பேரோடும் பேசியவர், சொந்தத் தம்பியோடு சுவர் எழும்பிய நாளிலிருந்து பேசவில்லை. சபையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து முன்னால் பார்ப்பார்கள். அவர் முகம் கழுவப் போனது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

இங்கே இந்த ஓத்தெலில் ஒரு ஆணி அடிக்க மூன்று அலுவலகங்களில் அனுமதி கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் படம், விளக்கம், நான்கு பிரதி, பிறகு பொறுமை. ஊரில் ஒரு சம்மட்டியும் ஒரு சனிக்கிழமையும் போதும். அன்று எனக்கு அது பெருமையாகக் கூட இருந்தது. "நல்லா இடிச்சு வாரி வெளிய போடுங்கம்மா" என்றேன்.

5

புதன்கிழமை காலை கூடத்தின் மேற்பூச்சை எடுத்து முடித்தார்கள். சாரத்தில் ஏறினேன்.

அங்கே பார்த்ததைச் சொல்ல எனக்குச் சரியான சொற்கள் இல்லை. தலைக்கு மேலே எட்டு உத்திரம், எட்டிலும் ஓவியம். மாதுளை, திராட்சைக்கொடி, பெயர் தெரியாத நீலப் பூ. நீதிபதி, அவர் மனைவி இருவர் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் ஒரு பறவை. கண்ணில் வைத்த வெள்ளைப் புள்ளி நேற்று வைத்தது போல இருந்தது. பேரனுக்குப் பிடிக்காததால் மூடினான், மூடியதால் அது பிழைத்தது. இருநூறு வருடத்துக்கு மேல் யாருமே பார்க்காத பறவை என்னைப் பார்த்தது. சாரத்தில் என்னோடு இருந்த ஓவிய நிபுணர் தன் விளக்கை அணைத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சமே போதும் என்றார்.

பிறகு என் வேலை நினைவுக்கு வந்தது. சுவரின் உச்சிக்கு ஊர்ந்து போனேன். அங்கேயும் ஒரு இடைவெளி விட்டுத்தான் கட்டியிருந்தார்கள்! மேற்பூச்சைக் கீறிச் சுவரை உத்திரத்துக்குப் பக்கம் வரை கொண்டுபோய், தொடாமல் நிறுத்தியிருந்தார்கள். நான் சொன்னது சரியென்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். அந்த இடைவெளியில் கம்பளித் துணியை மடித்துத் திணித்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சு இந்தப் பக்கம் கேட்காமல் இருக்கத்தான் இருக்க வேண்டும்.

துணியை இழுத்தேன். வரவில்லை. கத்தி முனையால் ஒரு ஓரத்தைப் பெயர்த்தபோது பப்படம் போல உடைந்து வந்தது. நாலு மடிப்புத் துணி ஒரு அட்டையின் கனத்துக்கு நசுங்கியிருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். உத்திரத்தின் அடிப்பக்கத்தில், ஓக் மரத்தில், கம்பளியின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. ஊடும் பாவும் தனித்தனியாகத் தெரிந்தன.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அடுத்த உத்திரத்தின் கீழே செருகினேன். போகவில்லை. அதற்கடுத்தது. போகவில்லை. எட்டிலும் போகவில்லை. பிறகு மட்டம் பார்க்கும் கருவியை வைத்தேன். ஒவ்வொரு உத்திரமும் சுவரின் மேல் உயர்ந்து, இரு பக்கமும் தாழ்ந்திருந்தது. கம்பின் மேல் போட்ட ஈரத்துணி போல.

மரம் தன் பாரத்தில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே இருக்கும். நமக்குத் தெரியாது. வளைந்து வளைந்து, தொடக்கூடாது என்று விட்ட இடைவெளியை அதுவே கடந்து, சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டது. சண்டைக்காகக் கட்டிய சுவர்தான் இப்போது அந்தப் பறவைகளையும் மாதுளைகளையும் தாங்கிக்கொண்டிருந்தது. என் மஞ்சளை நம்பி அதை எடுத்திருந்தால் எட்டு உத்திரமும் ஓவியத்தோடு கீழே வந்திருக்கும்.

சாரத்திலிருந்து இறங்கும்போது, பாதிப் படியில், எனக்குக் கருங்கல் நினைவு வந்தது. அன்று புதன்கிழமை.

6

மதிய இடைவேளையில் அழைத்தேன். ஊரில் சாயங்காலம். அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, சனிக்கெழம செவர இடிக்கக்கூடாது."

"ஏட்டி, என்ன சொல்லுக?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது அரண்மனை. இது ஓட்டு வீடு" என்றார்.

"மரம் மரந்தாம்ப்பா."

"நம்ம உத்திரம் அயினி. ஒனக்க தாத்தாவுக்கு முந்தின மரம். செவரு கெட்டின அண்ணைக்கு நான் விரல விட்டுப் பாத்திருக்கேன். சுகமாப் போச்சு."

"அயினிக்கு ஒண்ணுமில்ல. ஓரச் செவருல ஏறுற முனையில சிதல் அரிச்சுதுன்னு போன மழையில மருந்து அடிச்சீங்கள்ளா? அந்த முனை எறங்கி உத்திரம் செவருமேல உக்காந்திருந்தா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"மக்கா, இத்தன வருசம் கழிச்சு அவனா வந்து சொல்லியிருக்கான். இப்பம் நான் இடிக்காண்டாம்னு சொன்னா அவன் என்ன நெனப்பான்? அண்ணனுக்கு மனசில்ல, பிள்ளைய வச்சுத் தடுக்கான்னு நெனப்பான். பொறவு இந்த ஜென்மத்துல வரமாட்டான்."

அதுதான் விஷயம். உத்திரம் விழும் என்பதை விட அப்பாவுக்கு அந்தப் பயமே பெரிது. எனக்கு இரண்டும் பெரிது. இடித்தால் கூரை ஓடும் மச்சும் யார் தலையில் விழும் என்று தெரியாது. இடிக்காவிட்டால் சித்தப்பா திரும்பிப் போய்விடுவார்.

"அப்பா, ஒண்ணு கேக்கேன். மேல உள்ள இடைவெளி வழியா சித்தப்பா வீட்டு ஜெபம் கடைசியா எப்பம் கேட்டுச்சு?"

"அவன் இப்பமெல்லாம் மனசுக்குள்ள ஜெபிக்கான்."

"டிவி?"

"சத்தம் வைக்க மாட்டாவ."

பின்னாலிருந்து அம்மா பேசினாள். "நானும் கவனிச்சிருக்கேன். சித்தி மொதல்ல சட்டியக் கழுவினாக் கூடக் கேக்கும். இப்பம் கோவத்துல எல்லாத்தயும் மெதுவாச் செய்யுகான்னு நெனச்சேன். நானும் வேணும்னே மெதுவாத்தான் பேசுகேன்."

"அம்மா, அவங்க மெதுவாப் பேசல்ல. இடைவெளி மூடிட்டு."

அப்பா மேலே பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

7

தாளைச் செருகிப் பார்க்க ஒரு பக்கத்து ஆள் போதும். ஆனால் அப்பா மட்டும் பார்த்துச் சொன்னால் சித்தப்பா நம்பமாட்டார். அதனால் இந்தப் பக்கமிருந்து அப்பா தள்ளட்டும், அந்தப் பக்கமிருந்து சித்தப்பா வாங்கட்டும் என்றேன். சித்தப்பாவை நானே அழைத்துச் சொன்னேன். "செக்கிங்கா? நல்லதுதான்" என்றார், கொஞ்சம் விறைப்பாக.

வெள்ளிக்கிழமை, நான் ஓத்தெல் முற்றத்தில் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். குழு வீடியோ அழைப்பு. எங்கள் பாதியில் அம்மா போனைப் பிடித்தாள், அந்தப் பாதியில் சித்தி. அம்மாவின் போன் பெரும்பாலும் மின்விசிறியைக் காட்டியது. சித்தியின் போன் சித்தப்பாவின் முழங்காலைக் காட்டியது. இருவரும் ஸ்டூல் மேல் நின்றிருந்தார்கள்.

அப்பா மேலே பார்த்து உரக்கக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. ஒற்றைக்கல் கனச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் தம்பியின் குரல், திஜோனில் என் கையில் இருந்த போனில்தான் முதலில் கேட்டது.

"அண்ணா, தள்ளுதியளா?"

"தள்ளுதேன்லே."

"ஒண்ணும் வரல்ல."

"கொஞ்சம் வலத்தால பாரு."

"எனக்க வலமா, ஒங்க வலமா?"

"எனக்க வலம்."

"அப்பம் எனக்கு எடமில்லியா? ஒழுங்காச் சொல்லும்."

"ஏட்டி, இவனுக்கு வலமும் எடமும் தெரியாது பாத்தியா" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றது முழங்கால்.

அப்பா வைத்திருந்தது சபைக் காலண்டரில் கிழித்த தாள். ஓரத்தில் வைத்தார், நடுவில் வைத்தார். மடங்கியது, கசங்கியது. பிறகு சித்தப்பா தன் பக்கத்திலிருந்து ஒரு தாளை வைத்துப் பார்த்தார். அதுவும் போகவில்லை. சித்தி, "பிளேடு வச்சுப் பாருங்க" என்றாள். அதுவும் போகவில்லை. சித்தப்பா உத்திரத்தின் அடியில் கையை வைத்துத் தடவுவது தெரிந்தது. நல்ல வேளையாகச் சித்தி அப்போது போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஷீபா."

"சொல்லுங்க சித்தப்பா."

"அப்பம் நான் கெட்டின செவருலயா அண்ணனுக்க கூரை நிக்குகு?"

நான் பதில் யோசிப்பதற்குள் அப்பா சொன்னார்: "எனக்க கூரை மட்டுமாலே? ஒனக்கும் சேத்துத்தான்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மின்விசிறி குலுங்கியது, முழங்காலும் குலுங்கியது. "நல்ல கொத்தனார வச்சுத்தான் கெட்டினேன்" என்று சித்தப்பா சிரிப்புக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணைக்கே சொன்னேன், சிமெண்டு கூடப் போடுன்னு."

"அண்ணைக்கு நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. ஸ்டூலவிட்டு எறங்கு மொதல்ல, விழுந்து சாவாதே" என்றார் அப்பா.

8

சுவர் நிற்கட்டும், நடுவில் ஒரு வாசல் திறக்கலாம் என்று சொன்னேன். அதையும் சும்மா கொத்தக்கூடாது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். உத்திரத்தை இரு பக்கமும் முட்டுக்கொடுத்துப் பிடித்து, வாசலுக்கு மேலே கான்கிரீட் லிண்டல் வைத்த பிறகுதான் கீழே எடுக்க வேண்டும். சிதல் தின்ற முனைக்குத் தனியாக ஒரு தூண். கல்யாணத்துக்கு முன்னால் முடிந்துவிடும். சனிக்கிழமை வந்த ஆட்களை இருவரும் சேர்ந்து திருப்பி அனுப்பினார்கள். கூலிக்கு யார் பொறுப்பு என்று வாசலில் நின்று தர்க்கம் பண்ணினார்களாம். அம்மா அதைச் சந்தோஷச் செய்தியாகச் சொன்னாள்.

அடுத்த தர்க்கம் கதவு எந்தப் பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது. எங்கள் பக்கம் திறந்தால் கட்டில் இடிக்கும் என்றார் அப்பா. தன் பக்கம் திறந்தால் அண்ணன் தள்ளித் திறப்பது போலாகும் என்றார் சித்தப்பா. மூன்று நாள் ஓடியது. கடைசியில் சித்திதான் முடித்தாள். "கதவே வேண்டாம். வாசல் மட்டும் போதும்."

இங்கே, சாரத்திலிருந்து இறங்கிய அன்றே பெர்னாரிடம் போய் மஞ்சள் தவறு என்று சொல்லிவிட்டேன்.

"சண்டைச் சுவர் என்றாயே?"

"சண்டைச் சுவர்தான். இடையில் வேலை மாறிவிட்டது."

அவர் சாரத்தில் ஏறிப் போய், மரத்தில் பதிந்த நெசவை விரலால் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் இறங்கவில்லை. நகராட்சிக்கு இன்னும் கூடத்தை முழுதாகத் திறக்க வேண்டும் என்றுதான் ஆசை. இரும்புச் சட்டம் வைத்துத் தாங்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. சுவரையும் வீட்டின் வரலாற்றில் ஒரு காலமாக வைத்துக்கொண்டு, நடுவில் அகலமாகத் திறப்பது என் யோசனை. முடிவு குழுவின் கையில். எதுவானாலும் பறவைகள் கீழே வரமாட்டா.

பழைய வீடு என்பது யாரோ ஒருவர் கட்டி முடித்தது என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அந்தச் சுருள் படியில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பயமும் மரியாதையும் கலந்து வருகிறது. வியாபாரி, நீதிபதி, வெள்ளை பிடித்த பேரன், பாகம் பிரித்த வாரிசுகள், எல்லோரும் தங்கள் காரியத்துக்காகத்தான் எதையோ செய்தார்கள். வீடு ஒவ்வொருவர் செய்ததையும் வாங்கித் தனக்கு வேண்டியபடி வைத்துக்கொண்டது.

இத்தனை வீடுகளை அளந்த நான் எங்கள் வீட்டை இதுவரை அளந்ததில்லை. அப்பா ஒரு பாதியையும் சித்தப்பா ஒரு பாதியையும் அளந்து அனுப்பினார்கள். இரண்டும் சேரவில்லை, ஒரு சாண் வித்தியாசம் வந்தது. திரும்ப அளந்தார்கள், இந்த முறை நாடாவின் இரு முனையை இருவரும் பிடித்து, வெளியே சுற்றி வந்து. இரண்டு பாதியும் ஒரே தாளில் வந்த முதல் வரைபடம் அது. இங்கத்திய விதிப்படியே நிறம் கொடுத்தேன். சுவர் முழுவதும் கறுப்பு. மேலே லிண்டலுக்கு ஒரு சிவப்புக் கோடு. நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற அகலத்துக்கு மட்டும் மஞ்சள்.